பெப்டைடைத் தின்னும் ட்யூப்

இந்த எபிசோடை ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம். பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். மெட்ரோவுல நின்னுட்டே மனசுல போடுற கணக்குதான்.

உங்க கையில 1.5 மில்லி பிளாஸ்டிக் ட்யூப் ஒண்ணு இருக்கு. அடியில 100 மைக்ரோலிட்டர் கரைசல். ரெண்டு சொட்டுன்னு வெச்சுக்கங்க. அதுல ஒரு புரோட்டீன் கரைஞ்சிருக்கு, மில்லிக்கு 1 மில்லிகிராம். அப்போ மொத்தம் 100 மைக்ரோகிராம். அந்த ரெண்டு சொட்டு ட்யூப் சுவரைத் தொடுற பரப்பு ஏறக்குறைய 1 சதுர சென்டிமீட்டர். புரோட்டீன் ஒரு சுவர் மேல ஒரே அடுக்காப் படிஞ்சா, ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தோராயமா 0.1-ல இருந்து 0.5 மைக்ரோகிராம் வரைக்கும் பிடிக்கும். நூறுல அரை போனா என்ன? யாரும் கண்டுக்க மாட்டாங்க.

இப்போ அதே கரைசலை ஆயிரம் மடங்கு நீர்த்துப் போகச் செய்யுங்க. மில்லிக்கு 1 மைக்ரோகிராம். அதே ரெண்டு சொட்டு, அதே ட்யூப். உள்ளே இருக்கிறது மொத்தமே 0.1 மைக்ரோகிராம். சுவர்ல இருக்கிற இடம்? மாறலை, அதே 0.1-ல இருந்து 0.5. உங்ககிட்ட இருக்கிற அத்தனை மூலக்கூறும் போய் உட்கார்ந்தாலும் இன்னும் காலியா இடம் கிடக்கும். எல்லாமே போய் ஒட்டிக்கும்னு நான் சொல்லலை. ஆனா ஒட்டிக்கிறதுக்கு வழி இருக்கு. பல பெப்டைடுகள் அந்த வழியை நல்லாவே பயன்படுத்திக்கும்.

லேபிள்ல நீங்க எழுதின எண் ஒண்ணு. பிப்பெட்டால எடுத்து ஊத்துற அளவு வேறொண்ணு. நடுவுல இருக்கிறதை ட்யூப் தின்னுடுச்சு. இன்னைக்குப் பேச்சு அதைப் பத்தித்தான்.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில ‘புறப்பரப்பு வேதியியல்’னு ஒரு பாடம் வந்திருக்கும். பரப்புக் கவர்ச்சி வேற, உறிஞ்சுதல் வேறன்னு ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சிருப்போம். ஸ்பாஞ்சு தண்ணியை உள்ளே இழுத்துக்கிறது உறிஞ்சுதல். மேல்பரப்புல மட்டும் வந்து ஒட்டிக்கிறது பரப்புக் கவர்ச்சி. ட்யூப்ல நடக்கிறது ரெண்டாவது. பரீட்சை முடிஞ்ச கையோட மறந்துட்ட அந்த ரெண்டு மார்க்கு, பயோகெமிஸ்ட்ரி லேப்புக்குள்ள வந்ததும் திரும்ப முன்னாடி வந்து நிக்குது.

ஏன் ஒட்டுது? ரெண்டு வகைச் சுவரையும் தனித்தனியா பார்க்கணும். கண்ணாடியின் மேல்பரப்பில் சிலனால் என்ற தொகுதிகள் இருக்கின்றன. நம் லேப்பில் வழக்கமாகப் பயன்படும் நடுநிலை பி.எச்.-இல் அவை எதிர்மின்சுமை கொண்டவை. லைசினும் ஆர்ஜினினும் நிறைய உள்ள பெப்டைடு நேர்மின்சுமை கொண்டது. பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகளில் பல இந்த ரகம்தான். அதைக் கண்ணாடிக் குப்பியில ஊத்தினா, காந்தம் மாதிரி போய் ஒட்டும். பிளாஸ்டிக் கதை வேற. பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ரெண்டுமே தண்ணியை வெறுக்கிற ரகம். புரோட்டீன்லயும் தண்ணிக்குப் பிடிக்காத பகுதிகள் இருக்கும் இல்லையா, அதுங்க தண்ணியை விட்டுத் தப்பிச்சு பிளாஸ்டிக் மேல சாய்ஞ்சுக்கும்.

வீட்டுல இதை நீங்க பார்த்திருக்கீங்க. சாம்பாரை பிளாஸ்டிக் டப்பாவுல ஒரு ராத்திரி வெச்சா மறுநாள் மஞ்சள் கறை போகவே போகாது. எவர்சில்வர் பாத்திரத்துல அந்தத் தொல்லை இல்லை. மஞ்சளோட நிறப்பொருளுக்குத் தண்ணி பிடிக்காது, பிளாஸ்டிக் பிடிக்கும். சரியா சொன்னா அங்க கொஞ்சம் உறிஞ்சுதலும் சேர்ந்து நடக்குது, கெமிஸ்ட்ரி ஆசிரியர்கள் மன்னிக்கணும். ஆனா ஒரு பொருள் கரைசலை விட்டுப் பாத்திரத்துக்கு ஏன் கட்சி மாறுதுங்கிறதுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

இதுல ஒரு வேடிக்கை. எலைசா டெஸ்ட் தட்டு எதனால செய்றாங்க தெரியுமா? பாலிஸ்டைரீன். ஏன்? புரோட்டீன் நல்லா ஒட்டும், அதுக்காகவே! ஒரு மேஜையில நாம காசு கொடுத்து வாங்குற ஒட்டும் தன்மை, பக்கத்து மேஜையில நம்ம சாம்பிளைத் திருடுது.

‘சரி, கொஞ்சம் போனா என்ன, லேப் விஷயம்தானே’ன்னு நினைக்கலாம். இது லேப்போட நிக்கிறதில்லை. எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படுற உதாரணம் அல்சைமர் பரிசோதனை.

அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா என்ற பெப்டைடு மூளையில் திட்டுத்திட்டாகப் படிகிறது. அதில் 42 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவம் மூளைக்குள் படியப் படிய, மூளைத் தண்டுவடத் திரவத்தில் அதன் அளவு குறைகிறது. அதனால் முதுகில் ஊசி போட்டு அந்தத் திரவத்தை எடுத்து அளக்கிறார்கள். எண் குறைவாக இருந்தால் சந்தேகம். கவனிங்க, இங்க ‘குறைவு’ன்னா கெட்ட செய்தி. அந்த அமிலாய்டு பீட்டா 42 இருக்கே, அது ஒட்டுறதுல மன்னன். 40 அமினோ அமிலம் இருக்கிற தன்னோட சகோதர வடிவத்தைவிடக் கடைசியில ரெண்டே ரெண்டு அமிலம் அதிகம், அந்த ரெண்டும் தண்ணியை வெறுக்கிறவை. திரவத்துல அது இருக்கிற அளவோ, மில்லிக்குச் சில நூறு பிக்கோகிராம்ல இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும்தான். பிக்கோகிராம்னா ஒரு கிராம்ல லட்சம் கோடியில ஒரு பங்கு.

இப்போ மேல போட்ட கணக்கை ஞாபகம் வெச்சுக்கங்க. திரவத்தை ஒரு ட்யூப்ல எடுக்கிறாங்க. அதுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி, மையவிலக்கியில சுத்தி, மூணாவதுல பிரிச்சு ஃப்ரீஸர்ல வைக்கிறாங்க. ஒவ்வொரு ட்யூப்பும் தன் பங்கை எடுத்துக்குது. நல்லெண்ணெயைக் கிண்ணம் மாத்திக் கிண்ணம் ஊத்தினா கடைசிக் கிண்ணத்துல எவ்வளவு இருக்கும்? அந்த மாதிரி. கடைசியில மெஷின் சொல்ற எண் குறைவு. மூளைக்குள்ள எதுவுமே படியாத ஒருத்தரோட ரிப்போர்ட், அல்சைமர் மாதிரி தெரியும். எதிர்ல உட்கார்ந்திருக்கிற மகனுக்கோ மகளுக்கோ அந்த எண்ணை எப்படி வாசிச்சுக் காட்டுவீங்க?

இது கற்பனைப் பயம் இல்லை. ட்யூப் மேல ‘பாலிப்ரொப்பிலீன்’னு ஒரே பேர் போட்டிருந்தாலும், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனாலதான் 2021-ல் அல்சைமர்ஸ் அசோசியேஷன் சர்வதேச வழிகாட்டுதல் ஒண்ணு வெளியிட்டுச்சு. அதோட சாரம் ரொம்ப எளிமையானது: ஒட்டாத ரக ட்யூப்லயே திரவத்தை நேரடியாச் சொட்டவிடு, இடையில ட்யூப் மாத்தாதே, ட்யூப்பைக் குறைஞ்சது பாதிக்கு மேல நிரப்பு. இன்னொரு தப்பிக்கும் வழியும் இருக்கு. 42-ஐ மட்டும் பார்க்காம, 42-க்கும் 40-க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறது. ரெண்டும் சுவர்ல ஒட்டுறதால இழப்பு ஓரளவு அடிபட்டுப் போகும். ஓரளவுதான், முழுசா இல்லை.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். தினமும் லட்சக்கணக்கான பேர் ரத்தப் பரிசோதனை பண்றாங்களே, அங்க ஏன் இந்த அலறல் இல்லை? ரத்தம் தன்னைத்தானே காப்பாத்திக்கும். பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் இருக்கு, அதுல பெரும்பங்கு ஆல்புமின். ட்யூப்ல ஊத்தின உடனே ஆல்புமின் கூட்டமாப் போய் எல்லா சீட்டையும் பிடிச்சுடும். நீங்க அளக்கப்போற அரிய பெப்டைடுக்கு இடமே கிடைக்காது, அது பாட்டுக்குத் திரவத்துலயே மிதக்கும். தண்டுவடத் திரவத்துல மொத்தப் புரோட்டீனே லிட்டருக்கு அரை கிராம் கூட இல்லை. சிறுநீர்ல இன்னும் குறைவு. நீங்களா தயாரிச்ச பஃபர் கரைசல்ல? சுத்தமா பூஜ்யம். காலி பஸ்ல எல்லாருக்கும் சீட்டு.

ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ. நர்ஸுகளுக்கு இது வேற பேர்ல தெரியும். இன்சுலின் டிரிப் போடும்போது, வழக்கமா மில்லிக்கு 1 யூனிட் அளவுல கலந்து வைப்பாங்க. இன்சுலினும் ஒரு பெப்டைடுதானே, பிளாஸ்டிக் குழாயோட நீளம் முழுக்க ஒட்டிக்கிட்டே போகும். முதல்ல நோயாளியோட உடம்புக்குப் போய்ச் சேர்றது கணக்கைவிடக் குறைவு. சர்க்கரை இறங்கலையேன்னு டோஸைக் கூட்டுவாங்க. கொஞ்ச நேரத்துல குழாய்ச் சுவர் நிரம்பிடும், அப்புறம் முழு அளவும் உள்ள போகும், சர்க்கரை சடார்னு கீழ விழும். அதனாலதான் முதல் 20 மில்லியைக் குழாய் வழியா ஓடவிட்டு கீழ கொட்டிட்டு, அப்புறம் நோயாளிக்கு இணைக்கணும்னு பல இடங்கள்ல விதி வெச்சிருக்காங்க. விவரம் தெரியாதவங்க பார்த்தா மருந்தை வீணாக்குற மாதிரி இருக்கும். குழாய்க்கு முதல்ல சாப்பாடு போட்டுட்டு, அப்புறம் மனுஷனுக்குப் பரிமாறுறாங்க, அவ்வளவுதான்.

சரி, உங்க லேப்ல இது நடக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குத் தெரிஞ்ச ஒரு பிஎச்.டி. மாணவி, பாக்டீரியாவைக் கொல்ற ஒரு பெப்டைடோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. திங்கள்கிழமை நல்ல ரிசல்ட், வெள்ளிக்கிழமை ஒண்ணுமே இல்லை. பெப்டைடு செஞ்சு கொடுத்த கம்பெனி மேல சந்தேகம், பாக்டீரியா மேல சந்தேகம், தன் கை மேலயே சந்தேகம். அவங்க கிராஃபைப் பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது. அதிக டோஸ்ல எல்லாம் ஒழுங்கா இருக்கு. டோஸ் குறையக் குறைய விளைவு படிப்படியா குறையணும் இல்லையா? குறையலை. ஒரு இடத்துல மாடியில இருந்து குதிச்ச மாதிரி பூஜ்யத்துக்குப் போயிடுச்சு. நீர்த்த கரைசல்ல மட்டும் சரக்கு காணாம போனா, முதல் சந்தேகம் சுவர் மேலதான் வரணும். நீர்த்த ஸ்டாக்கைக் கண்ணாடிக் குப்பியில போட்டு வாரம் முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தாங்க.

சந்தேகத்தை நிரூபிக்கிற டெஸ்ட் ஒரே மத்தியானத்துல முடியும். ஒரு கரைசலை முதல் ட்யூப்ல ஊத்தி, பத்து பதினைஞ்சு நிமிஷம் விட்டு, ரெண்டாவது புது ட்யூப்புக்கு மாத்துங்க. அப்படியே மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் எடுத்து அளந்து பாருங்க. எண் படிக்கட்டு மாதிரி இறங்கினா, ட்யூப்தான் குற்றவாளி. கூடவே இன்னொண்ணு: அதே கரைசலை மாத்தாம ஒரே ட்யூப்ல அதே நேரம் வெச்சிருந்து அளங்க. அதுலயும் நேரம் போகப் போக ஒரே சீரா குறைஞ்சுக்கிட்டே வந்தா, ஒட்டுறது பிரச்சினை இல்லாம, பெப்டைடு சிதையுதா, கட்டி தட்டுதான்னு பார்க்கணும். ஒட்டுறது பெரும்பாலும் முதல் சில நிமிஷத்துலயே வேகமா நடந்து, அப்புறம் தளர்ந்துடும். கடைசியா காலி பண்ணின ட்யூப்பை வலுவான ஒரு கரைப்பானால கழுவி அளங்க. காணாம போனது அங்க கிடைச்சா, கேஸ் முடிஞ்சது.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். ஆர்டர் பண்ணி வர்ற பெப்டைடு குப்பியில ‘1 மில்லிகிராம்’னு போட்டிருந்தா, அது முழுக்கப் பெப்டைடு இல்லை. ஈரமும் உப்பும் சேர்ந்த எடை. நிகரப் பெப்டைடு எவ்வளவுன்னு கூட வர்ற தாள்ல தனியா இருக்கும், அதைப் பாருங்க. குப்பியைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மையவிலக்கியில சுத்துங்க, மூடியில ஒட்டியிருக்கிற தூள் கீழ வரும். சுவரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பார்த்துடணும்.

வைத்தியத்துக்கு வருவோம். காசே செலவில்லாத வைத்தியம்தான் எனக்கு எப்பவும் முதல்ல. ஸ்டாக்கை அடர்த்தியாவே வெச்சுக்கங்க, உபயோகிக்கிற அன்னைக்கு, உபயோகிக்கிற நேரத்துல நீர்க்கப் பண்ணுங்க. பெரிய ட்யூப்ல துளியூண்டு சாம்பிள் வெக்காதீங்க. ட்யூப் மாத்துற எண்ணிக்கையைக் குறைங்க. பிப்பெட் டிப்பும் ஒரு பாத்திரம்தான். அதே கரைசலை ரெண்டு மூணு தடவை உறிஞ்சி விட்டு, அப்புறம் அளந்து எடுங்க. வோர்ட்டெக்ஸ்ல போட்டு நுரை பொங்க ஆட்டாதீங்க, காத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கிற எல்லையும் ஒரு சுவர்தான், புரோட்டீன் அங்கேயும் போய் விரிஞ்சு கெட்டுப்போகும். சாம்பிளை வேக்குவம்ல எலும்பு மாதிரி காய விடாதீங்க. கடைசி ஒரு சில மைக்ரோலிட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடுங்க. முழுசா காய்ஞ்ச பெப்டைடு சுவர்ல பூசின சுண்ணாம்பு மாதிரி, திரும்ப வராது.

ஃபில்டர் பண்றவங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும். நைட்ரோசெல்லுலோஸ், நைலான் ஃபில்டர் ரெண்டும் புரோட்டீனைக் கவ்விப் பிடிக்கும். வெஸ்டர்ன் பிளாட்ல நைட்ரோசெல்லுலோஸைத் தேடி வாங்குறதே அதுக்காகத்தான். பி.இ.எஸ். ஃபில்டர் எவ்வளவோ மேல்.

அடுத்து, தோசைக்கல் வைத்தியம். புதுக் கல்லுல எடுத்தவுடனே மாவை ஊத்த மாட்டோம். எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்ச்சுப் பழக்குவோம். ட்யூப்பையும் அப்படிப் பழக்கலாம். மாட்டு ஆல்புமின், நம்ம பி.எஸ்.ஏ., அதை 0.1 சதவீதம் பஃபர்ல சேர்த்தா, அதுவே சீட்டையெல்லாம் பிடிச்சுக்கும். ரத்தத்துல நடக்கிறதையே நாம செயற்கையா பண்றோம். வரிசை முக்கியம்: முதல்ல பி.எஸ்.ஏ. கலந்த பஃபர், அதுக்கப்புறம் பெப்டைடு. மாவு ஒட்டின பிறகு எண்ணெய் தடவினா தோசை வருமா?

எலைசா, செல் கல்ச்சர் வேலைக்கு இது தங்கமான வழி. மாஸ் ஸ்பெக் பண்றவங்க மட்டும் பக்கத்துல வரக்கூடாது. கணக்குப் போடுங்க: 0.1 சதவீதம்னா மில்லிக்கு 1 மில்லிகிராம் பி.எஸ்.ஏ. உங்க பெப்டைடு மில்லிக்கு 1 நானோகிராம். பத்து லட்சத்துக்கு ஒண்ணு. திருவிழாக் கூட்டத்துல ஒரு ஆளைத் தேடுற கதை. ட்வீன் மாதிரி சோப்பு ரகம் போட்டாலும் அங்க தொல்லை, ஸ்பெக்ட்ரம் முழுக்க அதோட முத்திரைதான் தெரியும். அந்த உலகத்துக்கு அசிட்டோநைட்ரைலைக் கொஞ்சம் சேர்க்கிறது நல்லது. ரொம்பச் சேர்த்தா எல்.சி. காலம் பெப்டைடைப் பிடிக்காம விட்டுடும். ஒற்றை செல்லோட புரோட்டீன்களை அளக்கிறவங்க டி.டி.எம்.-னு ஒரு மென்மையான டிட்டர்ஜென்ட்டைப் பயன்படுத்துறாங்க, மாஸ் ஸ்பெக் அதை ஓரளவு சகிச்சுக்கும்.

கண்ணாடியோட தகராறா இருந்தா பி.எச்.-ஐ இறக்கலாம், இல்லை உப்பைக் கூட்டலாம். மின்சுமையோட பிடி தளரும். ஆனா உப்பு கூடினா பிளாஸ்டிக்கோட பிடி இறுகலாம். ஒரு ஊர் வைத்தியம் இன்னொரு ஊர்ல விஷம்.

இதைப் பத்திப் பேசும்போது கொலிஸ்டின் கதையைச் சொல்லாம விட முடியாது. வேற எந்த மருந்தும் கேக்காத கிருமிக்கு, கடைசியா கையில எடுக்கிற ஆன்ட்டிபயாட்டிக் அது. கோழி, கால்நடைக்கு அதைக் கொடுக்கக் கூடாதுன்னு இந்தியா 2019-ல் தடை போட்ட மருந்து. அதுவும் பெப்டைடு ரகம்தான், நேர்மின்சுமை வேற, பிளாஸ்டிக் தட்டுலயும் ஒட்டும். கிருமிக்கு மருந்து கேக்குதான்னு பார்க்கிற டெஸ்ட்ல 1, 2, 4-னு ரெண்டு ரெண்டு மடங்கா குழிகள்ல மருந்து இருக்கும். 2-க்குள்ள அடங்கினா ஒரு பக்கம், 4 தேவைப்பட்டா எதிர்ப்புக் கிருமி. குழியில பாதி மருந்து சுவருக்குப் போச்சுன்னு வைங்க. ‘4’னு எழுதின குழியில நிஜமா இருக்கிறது 2. மருந்துக்கு அடங்கக்கூடிய கிருமியை அடங்காததுன்னு எழுதிடுவோம். ஐ.சி.யூ.ல கடைசி மருந்தும் கை நழுவுது.

அப்போ ட்வீன் 80 போட்டு ஒட்டுறதைத் தடுக்கலாமே? போட்டுப் பார்த்தாங்க. ஒட்டுறது குறைஞ்சது. ஆனா அந்தச் சோப்பே கொலிஸ்டினோட சேர்ந்து கிருமியைத் தாக்க உதவி பண்ணுதுன்னு சந்தேகம் வந்தது. அப்போ அளக்கிறது மருந்தையா, சோப்பையா? அதனால 2016-ல் அமெரிக்க, ஐரோப்பியத் தர அமைப்புகளோட கூட்டுக் குழு தெளிவா சொல்லிடுச்சு: எந்தச் சோப்பும் வேண்டாம், பூச்சு எதுவும் இல்லாத சாதா பாலிஸ்டைரீன் தட்டுலயே பண்ணுங்க. இழப்பு இருக்கட்டும், ஆனா உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். எனக்கு இந்த முடிவு பிடிக்கும். சில இடத்துல இழப்பைத் தடுக்கிறதைவிட, அதை எல்லா இடத்துலயும் ஒரே அளவா வெச்சுக்கிறதுதான் நேர்மையான வழி.

கடைசியா, எல்லாரும் கேக்குற கேள்வி. லோபைண்ட் ட்யூப் வாங்கணுமா? சாதா ட்யூப்பைவிட விலை பல மடங்கு. என் கருத்து இதுதான்: மில்லிக்குப் பத்து, இருபது மைக்ரோகிராமுக்குக் கீழ போற எதுக்கும், நோயாளியோட சாம்பிள் எதுக்கும் வாங்குங்க. அடர்த்தியான ஸ்டாக்குக்கும், பி.எஸ்.ஏ. கலந்த வேலைக்கும் சாதா ட்யூப் போதும். வாங்கும்போது பெட்டி மேல இருக்கிறதைப் படிங்க. புரோட்டீன் லோபைண்ட் வேற, டி.என்.ஏ. லோபைண்ட் வேற. அலமாரியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும், அவசரத்துல கை மாறும். லோபைண்ட்னா ஒட்டவே ஒட்டாதுன்னும் அர்த்தம் இல்லை, குறைவா ஒட்டும். உங்க பெப்டைடுக்கு அது எவ்வளவு உதவுதுன்னு அந்த அஞ்சு ட்யூப் டெஸ்ட்டை அதுலயும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

பேப்பர் எழுதும்போது, எந்தக் கம்பெனி ட்யூப், கேட்டலாக் எண் என்ன, எவ்வளவு நிரப்பினீங்க, எத்தனை தடவை மாத்தினீங்கன்னு செய்முறைப் பகுதியில ஒரு வரி சேர்த்துடுங்க. உங்க ரிசல்ட்டைத் திரும்பச் செஞ்சு பார்க்க, இன்னொரு ஊர்ல யாரோ ஒருத்தர் வேற ட்யூப்போட உட்கார்ந்திருப்பாங்க.